எட்டுக் கை இருந்தாலும்...

டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் பாதி நாற்காலி காலி. எல்லோருக்கும் பக்தி முற்றி மார்கழி பஜனைக்குக் கிளம்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். எல்லாம் சி.எல். மகிமை. ஈ.எல். என்றால் சேர்த்து வைக்கலாம், ரிடையர் ஆகும்போது காசாக்கலாம். சி.எல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிசம்பர் 31 தாண்டினால் செல்லாத நோட்டு. வருஷம் முழுக்க 'வயிற்றுவலி', 'பெரியப்பா காரியம்' என்று சிக்கனமாகச் செலவழித்தவர்கள், மிச்சத்தைக் கடைசி வாரத்தில் மொத்தமாகத் தீர்த்துவிடுகிறார்கள். ஒரே பெரியப்பாவுக்கு மூன்று தடவை காரியம் செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அதே வாரம்தான் பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவு. மற்ற லீவுகளுக்கெல்லாம் ஒரு லட்சணம் உண்டு. காலாண்டு லீவு என்றால் கொலு, சுண்டல். முழுப் பரீட்சை லீவு என்றால் பாட்டி வீடு, மாம்பழம். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளில் அரையாண்டு லீவு மட்டும் ஓர் அநாதை. பொங்கல் இன்னும் வரவில்லை. மழை விட்டாயிற்று. வெயில் ஆரம்பிக்கவில்லை. பையன்கள் ஹாலில் கிரிக்கெட் ஆடி ட்யூப்லைட்டை உடைக்கிறார்கள். ஆகவே மிடில் கிளாஸ் குடும்பங்கள் 'எங்கேயாவது போகலாம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போடும் வாரம் இது. எங்கே என்பதில்தான் சண்டை.

நான் எழுதிப் பிழைப்பவன். எனக்கு சி.எல்லும் இல்லை, ஈ.எல்லும் இல்லை. மேட்டர் கேட்டு போன் வராத நாளெல்லாம் லீவு. ஆபீஸ் என் மனைவிக்குத்தான். அவளிடம் நாலு சி.எல். மிச்சம் இருந்தது. இந்த வருஷ உல்லாசப் பயணத்துக்கு நிதி, தேதி, நிர்வாகம் மூன்றும் அவள். இடத்தை மட்டும் என் மைத்துனன் தீர்மானித்தான். நாமக்கல்லில் லாரி உதிரி பாகம் விற்கிறான்.

"ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தலை வெச்சே படுத்துடாதீங்க மாமா. இந்த வாரம் அங்க மலை தெரியாது, மனுஷத் தலைதான் தெரியும். நம்ம கொல்லிமலைக்கு வாங்க."

வந்தோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகன், நாலாவது படிக்கும் மகள், மாமனார், மாமியார், வண்டி ஓட்ட மைத்துனன்.

நான் பி.காம். எங்கே போனாலும் ஒரு நோட்டு எடுத்துப் போவேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. (வரவுப் பக்கத்தில் பெரும்பாலும் மகள் படம் வரைந்து வைத்திருப்பாள்.) டீசல், தங்கும் இடம், டீ, பார்க்கிங், இதர என்று பத்தி பிரித்துக் கோடு போட்டாயிற்று. சாப்பாடு என்ற பத்தியில் முதல் நாளுக்குப் போட எண்ணே இல்லை. ஏனென்றால் நாமக்கல் வீட்டில் அம்மாவும் பெண்ணும் மூன்றரை மணிக்கே எழுந்து 60 இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, தயிர்சாதம், ஃபிளாஸ்க் காபி எல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். ஆண்கள் நாங்கள் ஐந்தரைக்கு எழுந்து, "கிளம்பலாமா? லேட்டாச்சு" என்று குரல் கொடுத்தோம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. இதுவரை சமதரை. காரவள்ளியில் ஆரம்பிக்கிறது கொண்டை ஊசி. மொத்தம் 70. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த போர்டை வைத்த புண்ணியவான் மனசு தெரிந்தவர். நம்பர் இல்லாவிட்டால் குழந்தைகள், "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். நம்பர் இருப்பதால் அவர்களே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 19 வரை உற்சாகமாக எண்ணினார்கள். 27-ல் குரல் இறங்கியது. 34-ல் மகன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். 41-ல் வண்டி நின்றது. காரணம் கேட்காதீர்கள், இட்லி நல்ல இட்லிதான்.

எதிரில் அரசு பஸ் இறங்கி வருகிறது. நமக்குப் பாதை இல்லை போலத் தெரிகிற இடத்தில் அந்த டிரைவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றி, மறு கையால் நமக்கு 'வா, வா' என்று சைகை காட்டிவிட்டுப் போகிறார். பஸ்ஸுக்குள் ஒரு பாட்டி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். 70 வளைவும் அவருக்குத் தொட்டில் ஆட்டம்.

மேலே ஏறியதும் சோளக்காடு. மிளகு, காபிக்கொட்டை, மலைவாழை, அன்னாசி எல்லாம் கடை பரப்பியிருக்கிற இடம். என் மாமனார் இறங்கிவிட்டார். பேரம் என்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, கொள்கை. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்க இருபது நிமிஷம் வாதாடினார். கடைக்காரம்மா கடைசியில், "எடுத்துட்டுப் போங்க சாமி, எனக்குத் தலை வலிக்குது" என்று கொடுத்துவிட்டார். வெற்றி. ஐந்து ரூபாயை நோட்டில் வரவுப் பக்கம் எழுதச் சொன்னார்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு ராஜா. புறநானூற்றில் வன்பரணர் சொல்லும் கணக்கு பிரசித்தம். ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய் நின்றதாம்.

"நம்பற மாதிரியா இருக்கு?" என்றான் மகன்.

"ஏன் இல்ல? ஒண்ணாம் தேதி என் சம்பளத்தப் பாரு" என்றாள் மனைவி. "வீட்டு லோன், ஸ்கூல் ஃபீஸ், வண்டித் தவணை, மளிகை, கடைசியா உங்கப்பாவோட டீக்கடை பாக்கி. ஒரே அம்பு."

அந்த உடும்பு நான்தான் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நாங்கள் தங்க ஏற்பாடு செய்திருந்தது குண்டனி நாட்டில். நாடு என்றதும் மகள் பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டாள். கொல்லிமலையில் மொத்தம் 14 நாடுகள். வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று போகும். நம் கணக்கில் ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. அவர்கள் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு நாடு. எனக்கு இது பிடித்திருந்தது. சென்னையில் நான் இருப்பது ஒரு 'நகர் இரண்டாவது எக்ஸ்டென்ஷன்'. இங்கே ஏழெட்டு ஊரைச் சேர்த்து நாடு என்கிறார்கள்.

இங்குள்ள ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். என் மகன் உடனே 'சேட்டா' என்று ஆரம்பிக்கப் பார்த்தான், வாயைப் பொத்தினேன். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக இவர்களிடம் ஒரு கதை உண்டு.

மைத்துனனுக்குக் கடை வழியில் பழக்கமான ஒருவருடைய வீடு. ஓட்டு வீடு, பக்கத்தில் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகள் எங்களுக்கு. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், மரத்தைப் பிடித்து ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச் செடியில் பழம் சிவந்து கிடந்தது. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். அவருடைய அம்மாவுக்கு எத்தனை வயசு என்று அவருக்கே தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குளிர் கீழேயிருந்து ஏறி வருகிற மாதிரி இருக்கிறது. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால். என் மாமனார் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் மங்கி குல்லா என்று எவரெஸ்ட் கோஷ்டி மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டி ஒரு பழைய புடவையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆகாய கங்கை. கொல்லிமலைக்கு வருகிறவர்கள் தப்பிக்க முடியாத ஐட்டம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல். சரியாக எத்தனை என்று கேட்டால், இறங்கும்போது ஒரு எண் சொல்கிறார்கள், ஏறும்போது அதைவிடப் பெரிய எண் சொல்கிறார்கள். மாமனாரும் மாமியாரும் படியைப் பார்த்ததும் பக்திமான்கள் ஆகிவிட்டார்கள். கோயிலோடு நின்றுகொண்டார்கள். அங்கே ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுவது விசேஷம். யாரோ அறுத்துக் குழம்பு வைத்த மீனை ஈஸ்வரன் மறுபடி ஒட்டவைத்து ஓடையில் விட்டார் என்பது ஸ்தலபுராணம். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. மீன்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. பொரி லேட்டானால் கோபமாகப் பார்க்கின்றன.

கீழே அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் நல்ல தண்ணீர். பாறையில் மோதி எழும் சாரல் முப்பது அடி தள்ளி நிற்பவரையும் நனைத்துவிடும். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பல தம்பதிகள் அங்கே மிக அன்யோன்யமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம். குற்றாலம், ஒகேனக்கல், ஆகாய கங்கை, எந்த அருவிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அருவிக்கு எதிரே ஒரு பாறை இருக்கும். அதன் மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். மடியில் நாலு பேருடைய பேன்ட், இரண்டு வாட்ச், மூன்று செல்போன், ஒரு கண்ணாடி, ஒரு டிபன் கூடை. 'நீ அப்புறம் குளிக்கலாம்' என்று எல்லோரும் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எல்லோரும் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவார்கள். அவர் துண்டை எடுத்துத் தருவார். அப்புறம் பசிக்கும். புளியோதரை பரிமாறுவார். அப்புறம் இருட்டிவிடும், கிளம்பிவிடுவார்கள். அருவி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

என் மனைவி பாறையருகே போனாள். கூடையை இறக்கினாள். வாட்சைக் கழற்றி, கொண்டை ஊசியைக் கழற்றி (71-வது), போனை எடுத்து மூன்றையும் என் கையில் வைத்தாள்.

"உக்காருங்க. குரங்கு வரும், கூடைய விடாதீங்க."

தண்ணீருக்குள் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் வரவில்லை. பாறை எவ்வளவு குளிர்ந்தது என்பதும் முக்கால் மணி எவ்வளவு நீளம் என்பதும் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பக்கத்துப் பாறைப் பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதலில் பரிதாபம் என்று நினைத்தேன். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார், அப்புறம் மறுபடி என்னை. பரிதாபம் இல்லை.

ஏறி வந்து, மூச்சு நின்று, மறுபடி மூச்சு வந்து, எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். சங்கப் பாட்டுகளில் வரும் கொல்லிப்பாவை இவள்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பாவை சிரித்தே ஆளைக் கொல்லுமாம். மகள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, "சாமிக்கு எதுக்கும்மா எட்டுக் கை?" என்று கேட்டாள்.

"அதுவும் பத்தாதுடி" என்றாள் என் மாமியார். மனைவி சிரித்தாள். கொல்லிப்பாவை விஷயத்தில் புலவர்கள் பொய் சொல்லவில்லை.

பி.காம். முதல் வருஷம் பொருளாதாரத்தில் ஒரு சமாச்சாரம் வரும். பிகு என்று ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர். (பெயரே அப்படித்தான், பிகு பண்ணிக்கொள்ளவில்லை.) அவர் சொன்னது இது: ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். அதே சமையல், அதே துணி, அதே பெண். ஆனால் முந்தின மாசம் வரை சம்பளம், கணக்கில் வந்தது. தாலி ஏறியதும் கணக்கை விட்டு இறங்கிவிட்டது. வகுப்பில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி.

சிரித்ததற்கு வட்டியும் முதலுமாக மத்திய அரசே ஒரு கணக்கு எடுத்திருக்கிறது. நாளில் யார் எதற்கு எத்தனை நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்ற நேரப் பயன்பாட்டு ஆய்வு. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிஷம். செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். ('செய்கிற' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். செய்யாதவர்கள் இந்தச் சராசரியிலேயே இல்லை.) 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று பார்த்தால் அவர்களுக்கும் 88 ஆகக் குறைந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்பது, பத்து நிமிஷத்தை எந்த மிஷின் தூக்கிக்கொண்டு போனது என்று தெரியவில்லை. வாழ்க மிக்ஸி.

மிஷின் என்றதும்தான் மூன்றாம் நாள் ஞாபகம் வருகிறது.

என் மாமனாருக்குச் சர்க்கரை. டாக்டர் ஏதோ சொல்ல, இவர் மீதியை வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்ள, இரண்டு வருஷமாக வீட்டில் சாமை புராணம். ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து இவர் அதன் நாமக்கல் கிளைச் செயலாளர் மாதிரி பேசுவார். (சாமையும் மாவுப்பொருள்தான், இரண்டு தட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை அதற்கும் ஏறும் என்று நான் சொன்னால் கேட்பதில்லை.) கொல்லிமலை சாமைக்குப் பேர் போன இடம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக விளைந்த மண். கிளம்புகிற அன்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"சாமை எங்கீங்க சாமி இப்ப? பாருங்க" என்று அவர் கை காட்டிய பக்கமெல்லாம் மரவள்ளி.

இந்த மரவள்ளிக்கு ஒரு பெரிய யாத்திரை உண்டு. மூட்டை கட்டி லாரியில் கீழே இறங்குகிறது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளில் மாவாகி ஜவ்வரிசியாகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு மாவு நின்றுபோனபோது சேலத்துக்காரர்கள் பிடித்துக்கொண்ட தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் என்று கூட்டுறவு சங்கமே வைத்துவிட்டார்கள். நாம் பாயசத்துக்கும் வடாமுக்கும் கால் கிலோ வாங்குவதோடு சரி. பெரும்பகுதி வடக்கே போகிறது. அங்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் ஆகாரம். ஆக, கொல்லிமலைக்காரர் நட்டது, மகாராஷ்டிரத்தில் பட்டினி கிடப்பவர் வயிற்றுக்குள் போகிறது.

"சாமை போட்டா நாலு மாசம் காவல் காக்கணும், பறவையோட மல்லுக்கட்டணும். அதுல வீட்டுக்குச் சோறுதான் மிஞ்சும். மரவள்ளின்னா லாரி வருது, காசு ஒரே தடவையா கைக்கு வருது. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட சாமை மூட்டைய எடுத்துட்டுப் போக முடியுங்களா? சோத்துக்கு ரேஷன் அரிசி இருக்குது" என்றார் வீட்டுக்காரர். நியாயம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம்.

மாமனார் பெருமூச்சு விட்டார். "பாரம்பரிய உணவெல்லாம் போச்சு. எங்கம்மா காலத்துல வீட்ல சாமைச் சோறுதான். அந்த ருசி இப்ப எவனுக்குத் தெரியும்?"

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி நிமிர்ந்தார்.

"போனா போவுது சாமி. அது போன பொறவுதான் எங் கை ஆறுச்சு."

கேழ்வரகுக்கு உமி கிடையாது, அப்படியே திரித்துக்கொள்ளலாம். சாமைக்கு உமி ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து... ஒரு வேளைச் சோற்றுக்கு விடிவதற்கு முன்னால் உலக்கையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பது பெண்கள். கல்யாணம் ஆகி வந்த மறுநாள் பிடித்த உலக்கை என்று பாட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு இன்னும் இருக்கிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் தொண்ணூறுகளிலிருந்து இந்த மலையில் சிறுதானியத்தைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறார்கள். ரகங்களைச் சேர்த்து வைத்தார்கள், விதை கொடுத்தார்கள். அதோடு அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், உமி நீக்கும் சின்ன மிஷின்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அரைத்து, பாக்கெட் போட்டு விற்றார்கள். சாமை ஏன் போனது என்று யாரோ ஒருவர் சமையல்கட்டுப் பக்கம் போய்க் கேட்டிருக்க வேண்டும். வயலில் நின்று கேட்டிருந்தால் பறவை, மழை, விலை என்றுதான் பதில் வந்திருக்கும். உலக்கையைப் பற்றி ஆம்பிளைகள் சொல்லியிருக்க மாட்டார்கள், பிடித்தால்தானே தெரியும்.

"மிஷினுக்குச் சொமந்துட்டுப் போவணும். வீட்டுக்கு ரெண்டு படி வேணும்னா நானே இடிச்சுக்குவேன். மக வூட்டுக்குன்னு கொஞ்சம் போட்டு வெச்சிருக்கறேன். உங்களுக்கு வேணுமா? குத்தாததுதான் இருக்குது" என்றார் பாட்டி.

மாமனார் முகம் மலர்ந்தது. "குத்தாததே குடும்மா. வீட்டுக்குப் போய் நாங்க குத்திக்கறோம்."

"நாங்கன்னா யாரு?" என்றார் என் மாமியார்.

அதுவரை அவர் மூன்று நாளில் மொத்தமாக முப்பது வார்த்தை பேசியிருப்பார். எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வாசலில் பதித்திருந்த கல் உரல் பக்கம் போய், சுவரில் சாத்தியிருந்த உலக்கை இரண்டில் ஒன்றை எடுத்தார். எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை தூக்கிப் பிடித்தார்.

"நீ ஒண்ணு எடு அக்கா."

"உனக்கு எதுக்கு அம்மிணி, டவுன்காரி..."

"எடு அக்கா."

பாட்டி சாமையைக் கொட்டினார். ஒரே உரலில் இரண்டு உலக்கை. ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறுகிறது. ஒரு தடவைகூட இடித்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருவர் கையை மாற்றும்போது மற்றவர் அதைப் பார்க்காமலேயே அரை நொடி தாமதிக்கிறார். 'ஸ்... ஸ்...' என்று மூச்சு மட்டும் கேட்கிறது. என் மகன் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். மனைவி அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

எனக்கு என் மாமியாரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். ஃபில்டர் காபி, சீரியல், முழங்கால் வலி. இந்த உலக்கை எனக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தி, முறத்தில் வாரிப் புடைத்தார். உமி தூசியாகப் பறந்து மார்கழி வெயிலில் மினுங்கியது. உள்ளங்கையில் கொஞ்சம் சாமையை அள்ளி மாமனார் முன்னால் நீட்டினார்.

"உங்கம்மா காலத்துல சாமைச் சோறுன்னீங்களே."

"ஆமா..."

"உங்கம்மாவுக்கு அப்ப தோள்ல வலி. நான் வந்த வருஷத்துலேருந்து அந்த வீட்டுல குத்துனது நான். ரைஸ்மில்லு வர்ற வரைக்கும், ஆறு வருஷம். நீங்க எந்திரிக்கறப்ப சோறா இருக்கும்."

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாத இடத்தில் மங்கி குல்லாவைச் சரிசெய்துகொள்வது அவர் வழக்கம். இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னொரு ஈடு குத்தினார்கள். நடுவில் மனைவி வாங்கிப் பார்த்தாள். பத்துக் குத்தில் கை சிவந்தது. மகள் உலக்கையைத் தூக்கவே முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மொத்தம் சுமார் இரண்டு கிலோ தேறியது. பாட்டி ஒரு மஞ்சள் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்.

"எவ்வளவும்மா?" என்றார் மாமனார்.

பாட்டி ஒரு தொகை சொன்னார். நாமக்கல்லில் 'ஆர்கானிக்' என்று போர்டு போட்ட கடையில் ஏ.சி. ரூமில் வைத்து விற்கும் விலையைவிடப் பத்து ரூபாய் அதிகம். மைத்துனன் என்னைப் பார்த்தான், நான் மைத்துனனைப் பார்த்தேன். வாழைப்பழத்துக்கு இருபது நிமிஷம் என்றால் இதற்கு எத்தனை மணி நேரம் என்று வாட்சைப் பார்த்தேன்.

மாமனார் பர்ஸை எடுத்து, சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்தார்.

"பாதி வேலய அம்மிணி செஞ்சுது. அத கழிச்சுக்கலாம் சாமி" என்றார் பாட்டி, அவராகவே.

"வேணாம்மா" என்று மாமனார் கிளம்பிவிட்டார்.

வண்டியில் ஏறியதும் நான் நோட்டை எடுத்தேன். எந்தப் பத்தியில் எழுதுவது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி ஆட்டத்தில் எழுத வரவில்லை. மூடிவிட்டேன்.

இறங்கும்போது போர்டு 70-லிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வருகிறது. மாமனார் முன் ஸீட்டில், மடியில் மஞ்சள் பை.

"டிக்கில வெச்சிரலாம்ப்பா, குடுங்க" என்றான் மைத்துனன்.

"வேணாம். நீ ரோட்டப் பாரு."

63, 58, 55. மாமியார் பின் ஸீட்டில் பேத்தியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். 52-ல் மாமனாருக்கு முகம் வெளுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து வெளியே குனிந்தார். மூன்று நாளில் அவருக்கு முதல் வாந்தி. அப்போதும் இரண்டு கையும் பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. மங்கி குல்லாதான் பள்ளத்தில் விழுந்தது.